சீனத் தொழிற்சாலையிடம் நேரடியாகச் சரக்கு எடுப்பது: முன்பணம் அனுப்பும் முன் கேட்கிறேன்

மதுரை விளக்குக்கடை

வணக்கம். மதுரையில் பதினான்கு ஆண்டுகளாக அலங்கார விளக்குக் கடை நடத்தி வருகிறேன். இதுநாள்வரை சரக்கு முழுவதையும் சென்னை பாரிமுனை மொத்த வியாபாரிகளிடமே எடுத்தேன். இந்த ஆண்டு நானே இறக்குமதி செய்வது என்று முடிவெடுத்து, ஐ.இ.சி. என்னும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் வாங்கிவிட்டேன். சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில், சோங்ஷான் நகரைச் சேர்ந்த கூஜென் என்ற ஊர் முழுவதும் விளக்குத் தொழிலில் இருப்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஊரிலுள்ள ஒரு தொழிற்சாலையிடம் 12 வாட் எல்.இ.டி. டவுன்லைட்டும் சில தொங்கு விளக்குகளும் விலை கேட்டேன். பாரிமுனை விலையோடு ஒப்பிட்டால், கப்பல் கூலியும் சுங்க வரியும் போக நல்ல வித்தியாசம் நிற்கிறது.

முதல் ஆர்டர் ஓர் இருபதடி கன்டெய்னர். 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் சரக்கு கப்பலேறும் முன் என்பது அவர்கள் சொல்லும் ஏற்பாடு. அங்கே விற்பனையைக் கவனிக்கும் பெண் லில்லி என்ற ஆங்கிலப் பெயரில் எழுதுகிறார். மிகவும் மரியாதையாகப் பதில் தருகிறார். எதைக் கேட்டாலும் 'முடியும்' என்கிறார். பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு ஹாங்காங்கில், வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. இது சரியா? சீனர்களுடன் பழகுவதற்கென்று தனி முறைகள் உண்டு என்று இணையத்தில் நிறையப் படித்தேன். அவற்றையெல்லாம் கற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கப்பல்தாள், சென்னை

ஐயா, வங்கிக் கணக்கைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் சுங்க முகவர் என்பதால் அதற்கும் முந்தைய கேள்வி ஒன்றைக் கேட்கிறேன். அந்தத் தொழிற்சாலைக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு இருக்கிறதா?

எல்.இ.டி. விளக்குகள் கட்டாயப் பதிவின் கீழ் வருகின்றன. பொருத்து விளக்குக்கு ஐ.எஸ். 10322, அதனுள் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற பாகத்துக்கு ஐ.எஸ். 15885 என்று தனித்தனித் தரநிலைகள் உண்டு. அந்தப் பதிவு இறக்குமதியாளரான உங்கள் பெயரில் கிடைக்காது. சரக்கைச் செய்யும் தொழிற்சாலைக்கு, அது இயங்கும் முகவரிக்கு, குறிப்பிட்ட பிராண்டுக்குத்தான் கிடைக்கும். வெளிநாட்டுத் தொழிற்சாலை என்றால் இந்தியாவில் ஒரு பிரதிநிதியை நியமித்து, இங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்து வாங்க வேண்டும். பதிவில்லாத சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையேல் உடைத்துப் பழைய இரும்பாகத் தள்ள வேண்டும். அதுவரை ஓடும் டெமரேஜ் என்னும் துறைமுகத் தாமதக் கட்டணம் உங்கள் தலையில்.

லில்லி அம்மையார் இதற்கும் 'முடியும்' என்றே பதில் தருவார். 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, பி.ஐ.எஸ். இணையதளத்தில் அந்த முகவரியோடு பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். பொம்மை வியாபாரத்தில் இருந்த என் வாடிக்கையாளர்கள் சிலர் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துத்தான் படித்தார்கள். 2020 பிப்ரவரியில் பொம்மைக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பி.ஐ.எஸ். முத்திரையும் கட்டாயமானது. சீனத்துப் பார்ட்டியோடு அவர்களுக்குப் பத்தாண்டுப் பழக்கம் இருந்தது, ஆனால் சுங்க அதிகாரிகளிடம் அந்தப் பழக்கத்தை வைத்து என்ன செய்ய முடியும்?

ஈவூவில் பன்னிரண்டு ஆண்டு

நண்பரே, நான் செச்சியாங் மாகாணத்து ஈவூ சந்தையிலும் பிறகு குவாங்சோவிலும் தங்கி, இந்திய வியாபாரிகளுக்குச் சரக்கு வாங்கி அனுப்பும் வேலை செய்தவன். உங்கள் கேள்வியிலேயே இரண்டு எச்சரிக்கை மணிகள் அடிக்கின்றன. அவற்றில் ஒன்று பொய் மணியாகவும் இருக்கலாம்.

முதலில் நிறுவனம் உண்மையா என்று பாருங்கள். சீனாவில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கச் சமூகக் கடன் குறியீடு ஒன்று உண்டு. 2015-இல் வந்த முறை அது. வணிக உரிமத்தின் நகலைக் கேளுங்கள். தயங்காமல் அனுப்புவார்கள், தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் குறியீட்டை அரசின் நிறுவனத் தகவல் தளத்தில் இட்டால், நிறுவனம் தொடங்கிய தேதி, சட்டப் பிரதிநிதியின் பெயர், எந்தெந்தத் தொழில்களுக்கு அனுமதி, 'அசாதாரண' பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும். தளம் முழுவதும் சீன மொழியில்தான் இருக்கும், ஆனால் இன்றைய மொழிபெயர்ப்புச் செயலிகள் அதற்குப் போதும். தொழில்களின் பட்டியலில் 'உற்பத்தி' என்ற சொல்லே இல்லாமல் 'விற்பனை' மட்டும் இருந்தால், உங்களிடம் பேசுவது தொழிற்சாலையில்லை, இடைத்தரகர். இடைத்தரகரிடம் வாங்குவது குற்றமில்லை; பல வகைச் சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்ற அவர்கள்தான் வசதி. ஆனால் தொழிற்சாலை என்று சொல்லிக்கொண்டு தரகு வேலை பார்ப்பவரிடம் தரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பதிவு மூலதனம் பெரிதாக இருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். 2014 முதல் அது பெரும்பாலும் 'போடுவதாக ஒப்புக்கொண்ட' தொகைதான். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய நிறுவனச் சட்டம்தான் அதை ஐந்து ஆண்டுக்குள் கட்ட வேண்டும் என்று சொல்கிறது.

இனி ஹாங்காங் கணக்கு. சொந்தமாக ஏற்றுமதி செய்யாத சிறு தொழிற்சாலைகள் வர்த்தக நிறுவனம் வழியாகவோ, முதலாளியே ஹாங்காங்கில் வைத்திருக்கும் நிறுவனம் வழியாகவோ பணம் வாங்குவது அங்கே அன்றாட வழக்கம். ஆகவே கணக்கு வேறு பெயரில் இருப்பதே மோசடி ஆகிவிடாது. ஆனால் ஒப்பந்தம் ஒரு நிறுவனத்தோடும் பணம் இன்னொரு நிறுவனத்துக்கும் என்று ஆகிவிட்டால், நாளைக்குச் சரக்கு கெட்டுப்போகும்போது இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். 'இந்த ஆர்டருக்கான பணத்தை இன்ன நிறுவனத்தின் இன்ன கணக்கில் செலுத்தவும், அது எங்களுக்குச் செலுத்தியதாகவே கருதப்படும்' என்று தொழிற்சாலையின் முத்திரையோடு கடிதம் வாங்குங்கள். இன்வாய்சிலும் அந்த வாசகம் வரட்டும். நம் ஊர் வங்கியும் மூன்றாம் தரப்புக்குப் பணம் அனுப்ப அதைக் கேட்கும். தனி மனிதரின் பெயரில் உள்ள கணக்கு என்றால் பேச்சே வேண்டாம். கடைசி நேரத்தில் 'எங்கள் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, புதிய கணக்குக்கு அனுப்புங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து, அந்தக் குரலைக் கேட்டபிறகே எதையும் செய்யுங்கள். என் கண்ணெதிரே ஒருவர் ஒரு கன்டெய்னரின் முழுப் பாக்கியையும் இப்படித் திருடனுக்கு அனுப்பினார். மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது.

கிருஷ்ணகிரி கல்

நான் வாங்குபவன் இல்லை, விற்பவன். எங்கள் குவாரிகளிலிருந்து பாரடைசோ முதலான கருங்கல் பாளங்கள் சியாமென் துறைமுகத்துக்குப் போகின்றன. பழகும் முறைகளைப் பற்றி நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

விசிட்டிங் கார்டை இரண்டு கைகளாலும் கொடுப்பது, கடிகாரத்தைப் பரிசாகத் தராமல் இருப்பது (கடிகாரம் கொடுப்பதற்கான சீனச் சொல்லும் இறுதிச்சடங்குக்குப் போவதற்கான சொல்லும் ஒரே ஒலி), நான்கு என்ற எண்ணைத் தவிர்ப்பது ஆகியவை தெரிந்திருந்தால் நல்லதுதான். தெரியாமல் தவறினாலும் வெளிநாட்டுக்காரர் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். மது அருந்தாதவர்கள் விருந்தை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. 'மதுவுக்குப் பதில் தேநீர்' என்பது அவர்கள் மொழியிலேயே ஒரு வழக்கு. எழுந்து நின்று, தேநீர்க் கோப்பையை எதிராளியின் கோப்பையைவிடச் சற்றுத் தாழ்த்தி மோதினால் மரியாதை நிறைவாகவே போய்ச் சேர்ந்துவிடும். இருபது ஆண்டுகளாக நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

உண்மையில் காசைப் பாதிக்கும் விஷயம் வேறு. அவர்கள் 'மியான்ட்சு' என்பார்கள். நாம் முகம் கொடுப்பது, முகத்தில் அடிப்பது என்கிறோமே, அதுதான். ஒருமுறை சியாமென் வியாபாரி ஒருவர் எங்கள் குவாரிக்கு வந்து, பாளங்களின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஈரம் காயும்போது மயிரிழை வெடிப்பு கோடாகத் தெரியும். தெரிந்த இடத்தில் எல்லாம் குனிந்து சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார், தேர்ந்த பாளங்களில் தம் பெயரின் எழுத்தைச் சிவப்புப் பெயின்டால் எழுதினார். அளவில் எவ்வளவு கழிவு தருவது என்ற பேச்சில், என் தம்பி எல்லார் முன்னிலையிலும் 'போன தடவை நீங்கள் ஏமாற்றினீர்கள்' என்று சொல்லிவிட்டான். அவர் மறுத்துப் பேசவே இல்லை. பெயின்ட் டப்பாவை மூடினார், மாலையில் ஓட்டலுக்குப் போய்விட்டார். அந்த ஆண்டு முழுவதும் அவரிடமிருந்து ஓர் ஆர்டரும் வரவில்லை. அதே வார்த்தையைத் தனியே, தேநீர்க்கடை பெஞ்சில் வைத்துச் சொல்லியிருந்தால் பேரம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இன்னொன்று: நேராக 'முடியாது' என்று சொல்வது அவர்களுக்குச் சங்கடம். 'யோசிக்கிறோம்', 'ஆராய்ந்து பார்க்கிறோம்' என்று வந்தால் பெரும்பாலும் அது மறுப்புதான். 'சா பு துவோ', அதாவது 'ஏறத்தாழ சரிதான்' என்று யாராவது சொன்னால், என்ன குறைகிறது என்று அந்த இடத்திலேயே அளந்து பாருங்கள்.

கோவை சுவிட்ச்கியர்

கல்காரர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் புதிதாக இறங்குபவர்கள் பழக்கவழக்கத்தைப் பற்றியே படித்துக்கொண்டிருப்பதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் மூன்று ஆண்டு அப்படித்தான் ஏமாந்தேன். விருந்து உண்டேன், குடும்பப் படங்களைப் பரிமாறிக்கொண்டேன், முதலாளியின் மகன் திருமணத்துக்கு வாழ்த்தும் அனுப்பினேன். சரக்கு மட்டும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது.

மெலிந்தது என்று உருவகமாகச் சொல்லவில்லை. முதல் மாதிரியாக வந்த டவுன்லைட்டின் அலுமினிய உறையை நகைக்கடைத் தராசில் வைத்தபோது 148 கிராம் இருந்தது. நான்காவது கன்டெய்னரில் வந்ததை ஒரு நாள் ஏதோ சந்தேகத்தில் நிறுத்தேன், 121 கிராம்தான். வெளியே பார்த்தால் ஒரு வேறுபாடும் தெரியாது. அலுமினியம் குறைந்தால் வெப்பம் வெளியேறாது, வெப்பம் தங்கினால் டிரைவர் சாகும். கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் எங்கள் பகுதியில், அந்தத் தொகுதியில் பத்துக்கு இரண்டு விளக்குகள் ஓராண்டு உத்தரவாதம் முடியும் முன்பே திரும்பி வந்தன.

கோபத்தோடு கேட்டேன். விற்பனையாளர் அமைதியாக, 'இரண்டாவது ஆர்டரில் நான்கு சதவீதம் குறைக்கச் சொன்னீர்கள், மூன்றாவதில் மேலும் மூன்று, நாங்களும் உங்களுக்கு உதவினோம்' என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட விலைக்கு ஏற்ற பொருளைத்தான் அவர் செய்து கொடுத்திருக்கிறார், அதைச் சொல்லாமல் செய்ததுதான் குற்றம்.

அதன்பின் நான் மொத்த விலையைப் பேரம் பேசுவதில்லை. சிப் எந்த நிறுவனத்துடையது, எத்தனை சிப், டிரைவர் எத்தனை கிலோவோல்ட் மின்எழுச்சியைத் தாங்கும், உறையின் எடை எத்தனை கிராம், 12 வாட் என்று எழுதினால் மீட்டரில் உண்மையாக எவ்வளவு இழுக்கிறது, அட்டைப்பெட்டி எத்தனை அடுக்கு என்று ஒவ்வொன்றையும் எழுதி வாங்கி, அதற்கு ஒரு விலை கேட்கிறேன். விலை குறைய வேண்டுமென்றால் எதைக் குறைப்பது என்பதையும் நானே சொல்கிறேன். உற்பத்திக்கு முன் மூன்று மாதிரிகளைச் செய்யச் சொல்லி, உறை போட்டு ஒட்டி, இருவரும் ஒட்டின் மேல் கையெழுத்திட்டு, ஒன்று அவர்களிடம், ஒன்று என்னிடம், ஒன்று ஆய்வு நிறுவனத்திடம்.

எஸ்.ஜி.எஸ்., பியூரோ வெரிட்டாஸ், இன்டர்டெக் போன்ற ஆய்வு நிறுவனங்கள் ஒரு நாள் கட்டணத்துக்கு ஆளனுப்புகின்றன. ஐ.எஸ்.ஓ. 2859 அட்டவணைப்படி, 5,000 விளக்குள்ள தொகுதியில் வழக்கமான இரண்டாம் நிலை ஆய்வுக்கு 200 விளக்குகளைப் பெட்டிகளிலிருந்து கலைத்து எடுப்பார்கள். பெருங்குறைக்கு ஏ.க்யூ.எல். எனப்படும் ஏற்புத் தர வரம்பை 2.5 என்று வைத்திருந்தால் அந்த அட்டவணைப்படி 10 வரை ஏற்பு, 11 என்றால் தொகுதியே நிராகரிப்பு. இதை ஒப்பந்தத்திலேயே எழுதி, 'ஆய்வில் தேறிய பின்பே 70 சதவீதம்' என்று ஒரு வரி சேருங்கள். அந்தப் பாக்கி உங்கள் கையில் இருக்கும்வரைதான் உங்கள் சொல்லுக்கு எடை.

மதுரை விளக்குக்கடை

அனைவருக்கும் நன்றி. பி.ஐ.எஸ். எண் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, வேறொரு முகவரியிலுள்ள வேறொரு தொழிற்சாலையின் எண் வந்தது. அந்தப் பார்ட்டியை விட்டுவிட்டேன். ஏப்ரலில் கோலாலம்பூர் வழியாக குவாங்சோ போய் அங்கு நடக்கும் கேன்டன் வணிகக் கண்காட்சியில் நேரிலேயே தேடுவதாக இருக்கிறேன். ஒரு சந்தேகம்: முன்பணத்துக்குப் பதிலாக எல்.சி. என்னும் வங்கி உறுதிக் கடிதம் திறந்துவிட்டால் இத்தனை கவலையும் வேண்டாமல்லவா?

ஈவூவில் பன்னிரண்டு ஆண்டு

ஓர் இருபதடி கன்டெய்னருக்கு எல்.சி. என்றால் சிறு தொழிற்சாலைகள் முகம் சுளிக்கும். இரு பக்க வங்கிக் கட்டணமும் சேர்ந்து உங்கள் லாபத்தைக் கடிக்கும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எல்.சி.யில் வங்கி பார்ப்பது ஆவணத்தை மட்டும், சரக்கை அல்ல. பெட்டிக்குள் செங்கல் இருந்தாலும் தாள்கள் சரியாக இருந்தால் பணம் போய்விடும். ஆய்வு நிறுவனத்தின் தேர்ச்சிச் சான்றையும் கட்டாய ஆவணமாக எல்.சி.யில் சேர்த்தால்தான் அது உங்களைக் காக்கும்.

கண்காட்சிக்குப் போவது நல்ல முடிவு. 1957 முதல் நடக்கும் அந்தக் கண்காட்சியில் விளக்குகள் முதல் கட்டத்தில் வரும். ஆனால் அரங்கில் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். அட்டைகளைச் சேர்த்துக்கொண்டு கூஜெனுக்கே போய்த் தொழிற்சாலையைப் பாருங்கள், குவாங்சோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். வாசலில் உள்ள பெயர்ப்பலகை உரிமத்தில் உள்ள பெயரோடு பொருந்துகிறதா, வார்ப்புப் பட்டறை அவர்களுடையதா வெளியாருடையதா, உணவு இடைவேளையில் எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று கவனியுங்கள். அங்கிருக்கும் நாள்களில் வீசாட் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இந்தியாவில் 2020 ஜூன் 29-இல் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளில் அதுவும் ஒன்று என்பதால், ஊர் திரும்பியதும் தொடர்பு அறுந்துவிடும். மின்னஞ்சலில்தான் எல்லாம் நடக்கும் என்று முதல் நாளே பேசி வையுங்கள். எழுத்தில் இருப்பது ஒருவகையில் நமக்கே நல்லது.

தாவாத்தாள்

வணிக வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞன் என்ற முறையில் சில சொற்கள். இங்கே பலர் விற்பவர் முன்கூட்டி அனுப்பும் புரொஃபார்மா இன்வாய்சையே ஒப்பந்தமாக நினைக்கிறார்கள். இரண்டு பக்க ஒப்பந்தமாவது வேண்டும். சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். இரண்டுக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்றும் எழுதுங்கள், சீன மொழிப் பகுதியை உங்கள் ஆள் ஒருவர் படித்த பிறகு.

கையெழுத்தைவிட அங்கே முத்திரைக்கு மதிப்பு. நடுவில் ஐந்துமுனை நட்சத்திரமும் சுற்றிலும் நிறுவனத்தின் முழுச் சீனப் பெயரும் உள்ள வட்டச் சிவப்பு முத்திரை அது. ஆங்கிலப் பெயருக்குச் சீனச் சட்டத்தில் தனி நிலை இல்லை, அதை யாரும் எப்படியும் எழுதிக்கொள்ளலாம்.

இப்போது ஒரு விந்தை. முன்பணத்துக்குச் சீன மொழியில் 'டிங்சின்' என்பார்கள். ஒரே உச்சரிப்பில் இரண்டு சொற்கள். முதல் எழுத்து மட்டும் வேறு. ஒன்று சட்டப்படியான உறுதிப்பணம்: வாங்கியவர் ஒப்பந்தத்தை மீறினால் இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும், கொடுத்தவர் மீறினால் அதை இழப்பார். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சீனக் குடிமைச் சட்டத்தொகுப்பின் 586, 587-ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன. ஒப்பந்தத் தொகையில் 20 சதவீதத்துக்கு மேல் அந்தத் தகுதி பெறாது. மற்றது வெறும் முன்செலுத்தல், அதற்கு இருமடங்கு கிடையாது. உங்கள் 30 சதவீதத்தில் 20 சதவீதத்தை முதல் சொல்லால் எழுதி வாங்க முடியுமா என்று பாருங்கள். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டுக் கையெழுத்திட்டவர்கள் உண்டு.

தாவா வந்தால் மதுரை நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டுபோய் சோங்ஷானில் நிறைவேற்ற முடியாது. நடுவர் தீர்ப்பு என்றால், அதை வெளிநாட்டிலும் நிறைவேற்ற வகைசெய்யும் நியூயார்க் உடன்படிக்கை துணை நிற்கும். இந்தியாவும் 2012 மார்ச்சில் சீனாவை அதற்குரிய நாடாக அறிவித்துவிட்டது. ஹாங்காங், சிங்கப்பூர் நடுவர் மன்றங்களைக் குறிப்பிடலாம். ஆனால் ஒரு கன்டெய்னர் தாவாவுக்கு நடுவர் செலவு கட்டுப்படியாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறு தொகைக்கு, கோவை நண்பர் சொன்ன நிறுத்திவைத்த பாக்கியே உங்கள் நீதிமன்றம்.

மற்றொன்று. விற்பவர் 'இன்வாய்ஸ் தொகையைக் குறைத்துப் போடட்டுமா?' என்று தாமாகவே கேட்பார். உண்மையில் கொடுத்த விலையை வைத்தே சரக்கை மதிப்பிடச் சொல்லும் 1962 சுங்கச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஒரு பக்கம் இருக்கட்டும். சரக்கு கெட்டால் அந்தக் குறைத்த தொகைக்குத்தான் நீங்கள் இழப்பீடு கேட்க முடியும். காப்பீடும் அப்படியே.

கெச்சியாவ் துணி

எல்லாரும் சீனர் நம்மை ஏமாற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஷாவோசிங் அருகே கெச்சியாவ் துணிச் சந்தையில் இருந்தவன், மறுபக்கத்தையும் பார்த்தவன். அங்கே கடன் வாங்கிவிட்டு ஊர் திரும்பி, போனை அணைத்துவிட்ட இந்தியர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. அதன் விலையைப் பின்னால் வருபவர்கள் கொடுக்கிறார்கள். முதலாளி கடனோடு ஓடிவிட, 2011 டிசம்பரில் ஈவூவில் அவரிடம் வேலை பார்த்த இரண்டு இந்தியர்களைக் கடைக்காரர்கள் பிடித்து வைத்தார்கள். அவர்களுக்காக நீதிமன்றத்துக்குப் போன நம் தூதரக அதிகாரி அங்கேயே மயங்கி விழுந்தார். ஈவூவில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்று 2012 ஜனவரியில் நம் தூதரகமே அறிவுறுத்தியது. தீராத உரிமையியல் வழக்கு இருந்தால் வெளிநாட்டவர் நாட்டைவிட்டு வெளியேறுவதை நீதிமன்றம் தடுக்கவும் அங்கே சட்டம் இடம் தருகிறது.

ஆகவே, சரக்கில் குறை இருந்தால் எழுதிக் கழியுங்கள்; சொல்லாமல் பாக்கியை விழுங்காதீர்கள். ஒழுங்காகக் கட்டி வந்ததால், நான்காவது ஆண்டில் எனக்கு 60 நாள் கடன் கிடைத்தது. 2001-இல் தொடங்கிய சைனோஷூர் என்ற அரசு ஏற்றுமதிக் காப்பீட்டு நிறுவனம் என் பெயருக்கு ஒரு கடன் காப்பீட்டு வரம்பு ஒதுக்கியது. அந்த வரம்பு கிடைத்தபின் முன்பணம் என்ற பேச்சே எழவில்லை. 'குவான்ஷி' (தொடர்பு, உறவு) என்று எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்களே, என் அனுபவத்தில் அது விருந்து மேசையில் தொடங்கியதில்லை. ஒரு முறை எனக்கு அனுப்பிய துணியில் 300 மீட்டர் கூடுதலாக வந்திருந்தது. அதைச் சொல்லிப் பணம் அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்த அம்மையார் என் துணியைத் தம் மகனை நிறுத்திச் சோதித்தபின்தான் ஏற்றினார்.

மதுரை விளக்குக்கடை

செப்டம்பர் மாதம் இது. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன்.

கூஜெனில் பதிவெண் உள்ள ஒரு தொழிற்சாலையைத் தேர்ந்தேன். என் பிராண்டைப் பதிவில் சேர்க்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 'டிங்சின்' எழுத்தை நான் காகிதத்தில் சுட்டிக்காட்டியபோது முதலாளி வாய்விட்டுச் சிரித்து, 'இதை உங்களுக்கு யார் சொன்னது?' என்று கேட்டார். 20 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டார். விலையில் நான் இரண்டு சதவீதம் மட்டும் கேட்டேன். அதையும் அட்டைப்பெட்டியின் அச்சில் ஒரு நிறத்தைக் குறைத்துக் கொடுத்தார்.

ஆய்வில் சரக்கு தேறவில்லை. 200-இல் 13 விளக்குகளின் கம்பி இணைப்பு தளர்வாக இருந்தது. கல்காரர் சொன்னதை நினைத்துக்கொண்டு, எல்லாரும் உள்ள மின்னஞ்சலில் போடாமல் முதலாளியைத் தனியே அழைத்து, அறிக்கையின் படங்களை அனுப்பினேன். முழுத் தொகுதியையும் பிரித்துத் திருகிப் பூட்டித் தர ஒன்பது நாள் கேட்டார். மறு ஆய்வுக் கட்டணத்தை அவரே கட்டினார், அந்த முறை 4 மட்டும். பாக்கியை அன்றே அனுப்பிவிட்டேன். சரக்கு ஆகஸ்ட் கடைசி வாரம் சென்னையில் இறங்கியது. உறையின் எடை மாதிரியில் 152 கிராம், நான் பெட்டிகளிலிருந்து எடுத்து நிறுத்த இருபதில் மிகக் குறைந்தது 150.

தீபாவளிக்கு இது போதும். அடுத்த ஆர்டரை எப்போது கொடுப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

கப்பல்தாள், சென்னை

அவர்கள் புத்தாண்டு 2026-இல் பிப்ரவரி 17. அரசு விடுமுறை ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம்தான் என்றாலும், தொழிலாளர்கள் சொந்த மாகாணங்களுக்குப் போய்த் திரும்ப மூன்று, நான்கு வாரம் ஆகும். சிலர் திரும்பவே மாட்டார்கள். விடுமுறைக்கு முந்தைய இரண்டு வாரத்தில் அவசரமாகச் செய்த சரக்கும், விடுமுறை முடிந்ததும் புதுக் கைகள் செய்த சரக்கும் உங்களுக்கு வேண்டாம். நவம்பருக்குள் ஆர்டர் கொடுத்து, ஜனவரி நடுவில் கப்பலேற்றிவிடுங்கள். அக்டோபர் முதல் வாரமும் அங்கே விடுமுறை, அப்போது மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் பதற வேண்டாம்.

மதுரை விளக்குக்கடை

நல்லது ஐயா. ஒட்டுப்போட்ட மாதிரியைக் கல்லாப்பெட்டிக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன்; நவம்பரில் அதே மாதிரிக்கு, அதே 152 கிராமுக்கு விலை கேட்கிறேன்.